திறக்காத கதவின் நீளம்

ப்ரோவோவில் பிப்ரவரி.
தொகுப்பறை ஜன்னலில் மலை பாதிதான் தெரிகிறது.
மீதியை எதிர்க் கட்டடத்துப் பல் மருத்துவர் வைத்திருக்கிறார்.
என் கையில் நாற்பத்தொரு மணி நேரப் படம்.
அதில் முக்கால்வாசி கதவுகள்.

பின்லாந்தில், கயானியில்,
இரண்டு பையன்கள் தட்டும் கதவுகள்.
பச்சைக் கதவு, இரும்புக் கதவு,
நாயின் குரல் மட்டும் வெளியே வரும் கதவு.
வயது பத்தொன்பது. சட்டையில் குத்திய பட்டையிலோ
பெயருக்கு முன்னால் மூப்பர்.
மீசை சரியாக முளைக்காத மூப்பர்கள்.

லவார் ஹைனர், பணம் போட்டவர்,
வியாழன்தோறும் வந்து கோட்டைக் கழற்றாமல் உட்காருவார்.
"கதவு கதவாகக் காட்டுகிறீர்கள், கதை எங்கே?
கத்தி வேண்டாம். ஒரு காய்ச்சலாவது?
ஒரு பெண்? உறைந்த ஏரியில் ஒரு விரிசல்?
கடைசியில் ஒருத்தராவது ஞானஸ்நானம் எடுக்கிறாரா இல்லையா?"

இயக்குநர் தேயன் ஆஸ்ட்லர் தொண்டையைச் செருமுவான்.
"இரண்டு வருடம் அங்கே இருந்தேன். யாரும் எடுக்கவில்லை.
ஒரு கிழவர் சைக்கிள் சங்கிலியை மாட்டித் தந்தார்.
கை துடைக்கத் துணி கேட்டார்.
என்னிடம் துண்டுப்பிரசுரம்தான் இருந்தது,
அதிலேயே துடைத்துக்கொண்டார்."
"அதை எடுத்தாயா?"
"எடுத்தேன்."
"அது கதையில்லை" என்று எழுந்தார் லவார்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை.
எந்தச் சபையையும்.
எனக்குத் தெரிந்தது வெட்டு.
நாற்காலியில் ஆட்கள் நெளியத் தொடங்கும் நொடி எதுவென்று
என் முழங்கைக்குத் தெரியும்.
அதனால் லவாரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.
சூப்புப் பொட்டலம் கிழிபடுவது முதல் தரம் அழகு.
நான்காம் தரம் வெறும் சூப்பு.

பின்னணிக் குரலுக்காக, தேயன்
தன் அம்மாவுக்கு அன்று எழுதிய கடிதங்களைத் தந்திருந்தான்,
ஒரு காலணிப் பெட்டி நிறைய.
எல்லாம் ஒரே வரியில் தொடங்கின: இந்த வாரம் நல்ல வாரம்.
நாங்கள் தட்டினோம். நாங்கள் நனைந்தோம்.
நாங்கள் உருளைக்கிழங்கு தின்றோம்.
அக்டோபரில் ஒரே ஒரு கடிதம்:
நான் சட்டை தேய்த்தேன். நான் சூப்பு வைத்தேன்.
அடுத்த வாரம் மறுபடி நாங்கள்,
கூடவே வேறொரு பெயர்.

ஒரு நிமிடமும் தனியாக இருக்கக்கூடாது
என்பது அவர்கள் விதி.

மறுநாள் கேட்டேன்: "பிரிம்ஹால் எங்கே போனான்?"
காபி குடிக்காத தேயன்
என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து
பிடியைத் திருப்பி, மறுபடி என்னிடம் தள்ளினான்.
"ராத்திரியில் கிளம்பிவிட்டான்.
காலையில் போர்வை மடித்திருந்தது, மூலைகள் நேராக.
அவன் ஒருநாளும் மடித்ததில்லை."
"இதுதானே கதை?"
"அது அவனுடையது. ஏன் போனான் என்று
இன்றுவரை நான் கேட்டதில்லை.
கேட்காததை எப்படிப் படமெடுக்க?"

கேட்காததைத்தானே நாற்பத்தொரு மணி நேரம்
எடுத்து வைத்திருக்கிறாய்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.

அன்றிரவு தேடினேன்.
ஏழாம் நாள் படப்பிடிப்பு, காட்சி முடிந்த பிறகு,
கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள்.
கலை உதவிக்கு வந்த பெண் ஒரு போர்வையை மடித்துக்
கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறாள்.
பிறகு பதினோரு நொடி யாருமில்லை.
வெளியே யாரோ பின்னிஷில் சிரிக்கிறார்கள்.
இரண்டு சூப்புகளை எடுத்துவிட்டு
அந்தப் பதினோரு நொடியை நட்டேன்.
தேயன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
கட்டிலைப் பார்த்தபடியே காலணிப் பெட்டியை மூடினான்.

வியாழன்.
கட்டில் வந்தது, போனது.
அடுத்து ஒரு கதவு, அதன் முன்னால் ஒரே ஒரு ஜோடிக் காலணி.
"மற்றவன் எங்கே?" என்றார் லவார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
"மற்ற பையன் எங்கே?"
பையன் தட்டினான். காத்திருந்தான்.
கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் மறுபடி தட்டினான்.
லவார் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி இருந்தார்,
கழற்றவும் இல்லை, பூட்டவும் இல்லை.

ஆனாலும் ஏரியில் ஒரு சின்ன விரிசல் இருந்தால்
என்று படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

அந்தக் கதவு இப்போது நாற்பது நொடி.
முப்பதில் வெட்டலாம்.
என் முழங்கை அசைகிறது.
பையன் இன்னும் நிற்கிறான்.